ராமன் விளைவில் பாதி உழைப்பு இவருடையது... யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்? விரல் மை முதல் டெல்லி காற்று வரை!

கோடியக்கரை. காவிரி டெல்டா கடலைத் தொடுகிற தென்கோடி முனை. ஒரு பக்கம் வெளிமான் திரியும் காடு, இன்னொரு பக்கம் வேதாரண்யம் உப்பளங்கள். இந்த ஊருக்கும் டெல்லியில் இருக்கிற ஒரு ஆய்வகத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நிறையவே இருக்கு.

தேர்தல் அன்று விரலில் வைக்கிற அழியாத மை, உப்பு மூட்டையை எடை போடுற தராசின் கிலோ கணக்கு, நாட்டின் அதிகாரப்பூர்வ நேரம், டெல்டா நெல் வயல்களையும் சேர்த்துச் சொன்ன ஒரு சர்வதேசக் குற்றச்சாட்டுக்கு இந்தியா கொடுத்த பதில். இத்தனையும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஒரு தமிழர். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ்.கிருஷ்ணன். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது சி.வி.ராமனோடு கூடவே நின்று சோதனை செய்தவரும் இவர்தான்.

வத்திராயிருப்பு முதல் கொல்கத்தா வரை

1898 டிசம்பர் 4. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற வத்திராயிருப்பில் பிறந்தார் கிருஷ்ணன். அப்பா விவசாயி, அதே நேரம் தமிழ், சமஸ்கிருத நூல்களில் ஊறியவர். அந்தப் பழக்கம் மகனிடமும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் உலகம் அறிந்த இயற்பியலாளர் ஆன பிறகும் தமிழ் இலக்கியத்தை அவர் விடவே இல்லை. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

பள்ளிப் படிப்பு வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்த கல்லூரியிலேயே வேதியியல் ஆய்வக உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு இயற்பியல், வேதியியல் சந்தேகங்களைக் கேட்பார்களாம். வேறு கல்லூரி மாணவர்கள்கூட அதற்காகவே வந்ததாகச் சொல்வார்கள்.

ஆனா அவர் மனசு ஆராய்ச்சியில் இருந்தது. 1920-ல் கொல்கத்தாவுக்குக் கிளம்பினார். காரணம், அங்கே ராமன் இருந்தார். 1923-ல் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

தூசியோடு ஒரு போராட்டம்

1921-ல் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியபோது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி ராமனைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால்தான் கடலும் நீலம் என்று அதுவரை பலர் நம்பினார்கள். இல்லை, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ராமன் காட்டினார். அதன் பிறகு திரவங்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்பதுதான் அந்த ஆய்வகத்தின் முக்கிய வேலை ஆனது.

கிருஷ்ணனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலையும் அதுதான். 65 திரவங்களை எடுத்து ஒவ்வொன்றும் ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று பார்த்தார். கேட்க எளிதாக இருக்கும். செய்வதுதான் கஷ்டம். ஏன்னா திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசி கொஞ்சம் இருந்தாலும் போச்சு. மூலக்கூறு சிதறடிக்கும் ஒளியை விடத் தூசி சிதறடிக்கும் ஒளி பல மடங்கு அதிகம். அதனால் ஒவ்வொரு திரவத்தையும் காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் திரும்பத் திரும்ப வடித்து, தூசியே இல்லாமல் செய்து, மூடி முத்திரை வைக்க வேண்டும்.

இந்தப் பொறுமைதான் 1928-ல் பலன் கொடுத்தது.

1928 பிப்ரவரியில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு தொடக்கத்தில் கிருஷ்ணன் பெரும்பாலும் கணக்கு, கோட்பாடு என்றுதான் இருந்தார். பிப்ரவரி முதல் வாரத்தில், ராமன் தூண்டுதலில் மறுபடி சோதனை மேசைக்கு வந்தார்.

சோதனை இதுதான். சூரிய ஒளியைக் குவித்து, ஒரு வடிகட்டி வழியாக நீல ஊதா ஒளியை மட்டும் திரவத்துக்குள் அனுப்புவார்கள். வெளியே வரும் ஒளியை, நீல ஊதாவை முழுசாகத் தடுக்கிற இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்ப்பார்கள். உள்ளே போன நிறமே வெளியே வந்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனா மங்கலாக வேறு நிற ஒளி தெரிந்தது. ஒன்றிரண்டு திரவங்களில் இல்லை, சோதித்த திரவங்களில் எல்லாம்!

அதாவது, ஒளி மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுக்கிறது அல்லது வாங்குகிறது. அதனால் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி, பொருளுக்கு இது.

பிப்ரவரி 28 அன்று நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. அந்த நாளைத்தான் இப்போது தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். முதல் அறிவிப்பு 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியானது. அதில் இருந்த பெயர்கள் இரண்டு: ராமன், கிருஷ்ணன்.

அப்போ நோபல் ஏன் ஒருவருக்கு மட்டும்?

இன்றுவரை கேட்கப்படும் கேள்வி இது. 1930-ல் இயற்பியல் நோபல் ராமனுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. கண்டுபிடிப்பின் பெயரும் ராமன் விளைவு என்றே நிலைத்தது.

ராமன் பக்கம் உள்ள நியாயம்: கேள்வி அவருடையது. 1921 முதல் ஏழு ஆண்டுகள் அந்த ஆய்வை நடத்தியவர், ஆட்களைச் சேர்த்தவர், திசை காட்டியவர் அவர்.

கிருஷ்ணன் பக்கம் உள்ள நியாயம்: அந்த முக்கியமான பிப்ரவரி மாதத்தில் சோதனைகளில் அவர் கை இருந்தது. அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, அறிவியல் வரலாறு எழுதுபவர்களுக்கு இன்றும் முக்கிய ஆவணம்.

கிருஷ்ணன் இதை ஒரு சண்டையாக ஆக்கவில்லை. 1928 முடிவதற்குள்ளேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் டாக்காவில், முற்றிலும் வேறு ஒரு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார்.

நூலில் தொங்கிய படிகம்

அந்த வேறு ஆராய்ச்சிதான் அவரைத் தனி ஆளாக உலகுக்கு அடையாளம் காட்டியது.

ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டால், அது ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பி நிற்கும். காரணம், படிகத்தின் எல்லாத் திசையிலும் காந்தத் தன்மை ஒரே அளவில் இருப்பதில்லை. இழையை மேலே மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்தை அளந்தால் போதும், காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் ஊகிக்கலாம்.

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. இழை, காந்தம், நல்ல கை, அவ்ளோதான். இந்த ஆய்வுகள் 1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீடுகளில் தொடர்ந்து வந்தன. 1940-ல் அந்தச் சங்கமே அவரை உறுப்பினராக்கியது.

1933-ல் கொல்கத்தாவுக்குத் திரும்பியவர் அடுத்துக் கையில் எடுத்தது கிராஃபைட். பென்சிலில் இருக்கிற அதே கரி. அடுக்கடுக்கான தாள் மாதிரி இருக்கிற இந்தப் பொருளில், தாளின் நீள வாக்கில் மின்சாரம் எளிதாக ஓடும். தாளுக்குத் தாள் தாண்ட மட்டும் திணறும். இரண்டுக்கும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று 1939-ல் கிருஷ்ணனும் அவரது சக ஆய்வாளரும் அளந்து சொன்னார்கள். அந்த அடுக்கில் ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். அதற்கு 2010-ல் நோபல் கிடைத்தது.

    

சுதந்திர இந்தியாவின் அளவுகோல்

1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம். 1947 ஜனவரி 4 அன்று டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் பொறுப்பு கிருஷ்ணனுக்கு வந்தது. 1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

ஒரு நாட்டுக்கு ஏன் இப்படி ஒரு ஆய்வகம்? டெல்டாவையே எடுத்துக்கோங்க. நெல் என்றால் கலம், மரக்கால், படி. மற்ற சரக்கு என்றால் மணங்கு, வீசை, பலம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் அளவு மாறும். யார் மரக்காலில் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூலியும் குத்தகையும் கூடும், குறையும். நஷ்டம் பெரும்பாலும் அளந்து வாங்குபவருக்குத்தான்.

1956-ல் வந்த சட்டம் நாடு முழுக்க மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு ஆதாரமான தேசியக் கிலோ, அதாவது 57-ஆம் எண் கொண்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை, இந்த ஆய்வகத்தின் பாதுகாப்பில்தான் இருந்து வருகிறது. இந்திய நேரத்தைப் பராமரிப்பதும் இதே இடம்தான்.

தேர்தல் மையும் இங்கே உருவானதுதான். வெள்ளி நைட்ரேட் கலந்த அந்த மை, தோலில் பட்டு வெளிச்சத்தில் கருத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது. 1962 பொதுத் தேர்தலில் பயன்பாட்டுக்கு வந்தது. மையைக் கண்டுபிடித்தவர் கிருஷ்ணன் இல்லை. ஆனா அவர் கட்டி எழுப்பிய ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் செய்தது. அது விரலில் ஏறியதைப் பார்க்க அவர் இல்லை. 1961 ஜூன் 14 அன்று, இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே, 62 வயதில் காலமானார்.

நெல் வயல் மேல் வந்த பழி

அவர் மறைந்து 30 ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய சோதனை வந்தது. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் இருந்து மீத்தேன் வாயு வரும். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் அதுவும் ஒன்று. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருந்தது. பருவநிலை பற்றி உலக நாடுகள் பேச்சுவார்த்தை நடத்திய நேரம் அது. அந்தக் கணக்கு நின்றிருந்தால், பழி காவிரி டெல்டா உட்பட நாட்டின் நெல் விவசாயிகள் தலையில் விழுந்திருக்கும்.

1991-ல் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று, விஞ்ஞானி ஏ.பி.மித்ரா தலைமையில் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே போய் அளந்தார்கள். வந்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! இந்த மித்ரா, கிருஷ்ணன் இயக்குநராக இருந்த 1950-களில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர்.

இன்றைய காற்று மாசுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

டெல்லியிலோ சென்னையிலோ காற்றின் தரம் இவ்வளவு என்று உங்க செல்போனில் ஒரு எண் வருது இல்லையா? சின்ன விலை மலிவான கருவிகள் பல, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளை லேசர் ஒளிச்சிதறலை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. துகள் மேல் ஒளி பட்டுச் சிதறும்; சிதறலை வைத்துத் துகளின் அளவு ஊகிக்கப்படும். வாகனப் புகைக் கரியில் கிராஃபைட் போன்ற நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. அந்தக் கரியை அடையாளம் காண ஆய்வகங்களில் பயன்படுவது ராமன் நிறமாலை.

அந்தக் கருவி காட்டும் எண் சரியா என்று யார் சொல்வது? ஈரப்பதம் கூடினாலே சில கருவிகள் தப்பாகக் காட்டும். எண் குறைவாகக் காட்டினால் ஆலைக்கு லாபம், மூச்சு விடுபவருக்கு நஷ்டம். அதனால் காற்று மாசு, புகை அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் தேசிய அமைப்பாக 2019-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த ஆய்வகத்தைத்தான் அறிவித்தது. மரக்காலில் நடந்த அதே வழக்கு, இப்போ காற்றில் நடக்கிறது.

1954-ல் பத்ம பூஷண், 1958-ல் முதல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு என்று கௌரவங்கள் கிருஷ்ணனுக்கு வந்தன. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் ராமனின் பெயருக்குப் பின்னால் ஒரு வரியாகத்தான் வருகிறார். ஆனா டெல்லி பூசா பகுதியில் அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்றுதான் பெயர். நாட்டின் கிலோவுக்கும், நேரத்துக்கும், காற்றுக் கருவிக்கும் சான்று கேட்டுப் போகிற ஒவ்வொரு கடிதத்தின் மேலும் அந்த வத்திராயிருப்புக்காரர் பெயர் இருக்கிறது.