நுளம்பின் வழி கண்ட சேர் றொனால்ட் றொஸ்

சாகாமக் குளக்கட்டில் அந்திவேளையில் நிற்பவர்க்கு நீரின் அருமையும் தெரியும், நுளம்பின் கொடுமையும் தெரியும். நீரின்றி நெல்லில்லை, நீர் தேங்கிய இடத்திலோ நுளம்பும் பெருகும். குளமும் வயலும் சூழ வாழும் எம்போன்றோர் மறக்கலாகாத பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சேர் றொனால்ட் றொஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் படைத் தளபதி. மைந்தரின் உள்ளமோ கவிதையிலும் ஓவியத்திலும் தோய்ந்திருந்தது. எனினும் தந்தையாரின் விருப்பப்படி இலண்டனில் வைத்தியம் பயின்று, 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார்.

மலேரியா என்னும் சொல்லுக்குத் தீய காற்று என்பதே பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே இந்நோயைத் தருவதென உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். அது உடலுள் எவ்வாறு புகுகின்றது? நுளம்புக்கு இதிற் பங்குண்டு என்னும் கருத்தை 1894இல் பற்றிக் மான்சன் என்னும் அறிஞர் றொசுக்கு எடுத்துரைத்தார். அன்றுதொட்டு அவர்க்கு வேறு சிந்தையில்லை.

செகந்தராபாத்தில் கொளுத்தும் வெயிலில் அவர் நுளம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தார். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. காற்று வீசினால் நுளம்புகள் பறந்துவிடுமென்று விசிறியையும் நிறுத்திவிட்டார். 1897 ஆகஸ்டில் உசேன் கான் என்னும் நோயாளியை நுளம்பு வலைக்குள் படுக்கவைத்து, உள்ளே நுளம்புகளை விட்டுக் கடிக்கச் செய்தார். நுளம்பொன்றுக்கு ஓரணா கூலி. நுளம்பைத் தடுக்கும் வலை அன்று அதனை அடைக்கும் கூண்டாயிற்று! ஆகஸ்ட் 20ஆம் நாள் அந்நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். இன்றும் அந்நாள் உலக நுளம்பு நாளாக நினைவுகூரப்படுகின்றது.

மறு ஆண்டில் கல்கத்தாவில், நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாகப் பறவைகளுக்கு நோய் தொற்றுவதை நிறுவினார். மனிதரிடத்து அதனை நிறுவியவர் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் தோழருமாவர். முதன்மை எவர்க்கென்று கிராசியோடு றொஸ் ஆண்டுக்கணக்கிற் பூசலிட்டது அவர் புகழுக்குப் பொருந்தாத செயலே. 1902இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. கூலிக்குக் கடிபட்ட உசேன் கானை நினைப்பவர் சிலரே. எம் நன்றி அவர்க்கும் உரியது.

பரிசோடு றொஸ் ஓய்ந்துவிடவில்லை. தேங்குநீரை அகற்றுமாறு நாடுதோறும் வற்புறுத்தினார். 1907இல் மொரீசியசுத் தீவுக்குச் சென்றவர், மலேரியாவின் பரவலைக் கணக்கிட்டு ஓர் உண்மையை வெளியிட்டார். நுளம்புகள் யாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஓரளவுக்குக் கீழே குறைத்தால் நோய் தானே அருகும். 1932 செப்டெம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார்.

அவர் மறைந்து ஈராண்டில், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய 1934இல், இலங்கையிற் கொள்ளைநோயாய் எழுந்த மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அறிவு இருந்தது, அது குடிசைகளை எட்டவில்லை. 1946இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் நோய் தணிந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரையே கண்டது. வென்றோமென்று காவல் தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்!

பின்னர் குருதிச் சோதனையும் மருந்தும் தெளிப்பும் சிற்றூர்கள்வரை சென்றன. இந்நூற்றாண்டில் மருந்தூட்டிய வலைகளும் நோய் அஞ்சும் கிராமங்களில் இலவசமாக வழங்கப்பட்டன. அவ்வலை உள்ளே துயில்பவரைக் காப்பதோடு, தன்மேல் அமரும் நுளம்பையும் கொல்வதால் அயலாரையும் காக்கின்றது. பலர் கட்டினால் ஊரே காப்புறும். றொசின் கணக்கும் இதுவே. 2012இன் பின் 2016 வரை இங்கு உள்நாட்டில் எவர்க்கும் நுளம்பால் மலேரியா தொற்றவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

எனினும் பிறநாடு சென்று மீள்வோர் நோயைக் கொணர்கின்றனர். அதைப் பரப்பவல்ல நுளம்பும் இங்குண்டு. இலவசமாய் வந்த வலை நாற்றுமேடைக்கு வேலியாவதை நாம் கண்டதுண்டு. கொடுப்பது ஒருநாட் காரியம். இரவுதோறும் கட்டுவிப்பதே தொண்டு. மூத்தோர் தாம் பட்ட குளிர்காய்ச்சலை இளையோர்க்குச் சொல்லட்டும். இளையோராகிய நாம் வீடுவீடாகச் சென்று, அயல்நாட்டிலிருந்து வந்தவர்க்குக் காய்ச்சலெனில் உடனே குருதியைச் சோதிக்கச் செய்வோம். 1963இன் மறதி மீண்டும் நேராதிருப்பதாக!