காற்றைக் கணக்கிட்ட சான்றோர்: லூயிஸ் பிரை றிச்சட்சன்

வன்னிப் பெருநிலத்து மக்களுக்குக் காற்றுப் புதியதன்று. வாடை, சோழகம், கொண்டல், கச்சான் எனத் திசைக்கேற்ப அதற்குப் பெயரிட்டு, அதன் வரவை நோக்கி விதைத்தும், சூடடித்துத் தூற்றியும், தோணி செலுத்தியும் வாழ்ந்தவர் நம் முன்னோர். அக்காற்று இன்று மின்னாற்றலுக்கும் மூலமாயிற்று. பளைப் பகுதியிலும் மன்னாரிலும் வானளாவி நிற்கும் காற்றாலைகளை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வலுவுடன் நிறுவப்பட்டுள்ளன. அவை யாவும் கிடையாகக் கிடக்கும் அச்சிற் சுழல்வன.

இவற்றின் வேறாய், பம்பரம் போல நிலைக்குத்தான அச்சிற் சுழலும் காற்றுச்சுழலி என ஒருவகை உண்டு. பின்லாந்து நாட்டுச் சவோனியஸ், பிரான்சு நாட்டு டாரியஸ் என்னும் இருவர் 1920 களில் இவ்வகையில் இருவேறு அமைப்புக்களைக் கண்டனர். எத்திசையிலிருந்து காற்று வந்தாலும் இச்சுழலி அதனை ஏற்கும். மின்பிறப்பாக்கியை நிலத்திலேயே வைக்கலாம். ஆயினும் அது எவ்வளவு ஆற்றலைத் தரும் என்று முன்கூட்டி அறிதல் அரிது. ஒரு சுற்று முடிவதற்குள் அதன் அலகுகள் காற்றை எதிர்கொள்ளும் கோணம் கணந்தோறும் மாறும். முன்னே சென்ற அலகு கலக்கிவிட்ட காற்றினூடே பின்வரும் அலகு செல்லவேண்டும். ஆதலின் அதனைச் செய்யுமுன், கணினியினுள்ளே காற்றைப் பாயவிட்டு ஆராய்தல் இன்று பொறியியல் மாணவர்க்கு வழக்கமாயிற்று. மின்கணினி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, தாளும் எழுதுகோலுமே துணையாக அவ்வழியில் நடந்தவர் லூயிஸ் பிரை றிச்சட்சன் என்னும் பெரியார். அவர் வரலாற்றை நம் கல்லூரியின் பழைய மாணவரும் இளைய மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

றிச்சட்சன் 1881 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாசில் நகரிலே பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழில் நடத்தியவர். பிள்ளைகள் எழுவருள் இவரே கடைக்குட்டி. அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்தவர். கொல்லாமையையும் போர் மறுத்தலையும் தலையாய அறமாகக் கொண்டது அப்பிரிவு. இளமையில் ஊன்றிய இவ்வறம் அவர் வாழ்நாளின் ஒவ்வொரு திருப்பத்திலும் தலைகாட்டுவதை நாம் காண்போம்.

யோர்க் நகரிலுள்ள குவேக்கர் பாடசாலையிலும், பின்னர்க் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று, 1903 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதன்பின் பல இடங்களில் பணியாற்றினார். அவற்றுள் ஒன்று சதுப்பு நிலத்திலே முற்றா நிலக்கரி தோண்டும் நிறுவனம். நிலத்தில் வடிகால்களை எங்ஙனம் வெட்டினால் நீர் வடியும் என்பது அங்கே எழுந்த வினா. நீரின் ஓட்டத்தைக் கூறும் வகையீட்டுச் சமன்பாடுகள் முன்னரே இருந்தன. ஆனால் கரடுமுரடான எல்லைகளையுடைய உண்மை நிலத்துக்கு அவற்றைத் தீர்க்கும் வழி இருக்கவில்லை.

றிச்சட்சன் வேறு வழியை நாடினார். நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள அளவை அடுத்த புள்ளிகளின் அளவோடு ஒப்பிட்டால், அரிய சமன்பாடு வெறுங் கூட்டல் கழித்தல் பெருக்கலாகிவிடும். வேலை மிகும், ஆனால் எந்த வடிவமும் இம்முறைக்கு அஞ்சவேண்டியதில்லை. இதனை விரித்து, கற்கட்டு அணையொன்றில் எழும் தகைப்புக்களைக் கணித்துக் காட்டி, 1910 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்துக்கு ஒரு கட்டுரை அளித்தார். அஃது அடுத்த ஆண்டில் வெளியாயிற்று. கணக்குக்களைச் செய்யச் சிறுவர்களை அமர்த்தி, செய்த அளவுக்கேற்பக் கூலி கொடுத்தார். மிக விரைவாகச் செய்த சிறுவன் ஒருவன் வாரத்துக்கு 2000 கணக்குக்கள் வரை முடித்தானாம். பிழையாகச் செய்தவை அத்தொகையிற் சேரா.

1913 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலுள்ள எஸ்க்டேல்மியூர் அவதான நிலையத்தின் தலைவரானார். நீரோட்டத்தைக் கணித்தவருக்குக் காற்றோட்டத்தையும் கணிக்கலாம் என்னும் எண்ணம் அங்கே உரம்பெற்றது. இன்றைய காற்றின் அமுக்கமும் வேகமும் வெப்பமும் தெரியுமாயின், நாளைய வானிலையைக் கணக்கிட்டே கூறலாம் அன்றோ? இம்முயற்சி நடந்துகொண்டிருக்கையில் முதலாம் உலகப் பெரும்போர் மூண்டது. படையிற் சேர அவர் மனச்சான்று இடந்தரவில்லை. அதற்காக ஒளிந்திருக்கவும் அவர் விரும்பவில்லை. 1916 ஆம் ஆண்டிலே பதவியைத் துறந்து, குவேக்கர்களின் நோயாளர் வண்டிப் பிரிவிற் சேர்ந்தார். பிரான்சுப் படைப்பிரிவொன்றோடு இணைந்து, குண்டு விழும் வீதிகளிலே காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டியாய்ப் பணியாற்றினார்.

அவ்விடத்திலும் கணக்கை விட்டாரல்லர். ஓய்வு கிடைத்த வேளைகளிற் குளிரில் நடுங்கும் தங்குமனையிலே வைக்கோற் குவியலே மேசையாக, 1910 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாளின் வானிலையைக் கணிக்கலானார். ஐரோப்பாவிற் பல இடங்களிற் பலூன் விட்டு மேற்காற்றை அளந்த நாள் அது. ஆறு மணிநேரத்து மாற்றத்தைக் கணிக்க, கணக்குத் தாள்களை வகுப்பதும் கணிப்பதுமாக அவருக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் சென்றன. 1917 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நிகழ்ந்த சம்பேன் போரின்போது அக்கையெழுத்துப் பிரதி பின்னணிக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்துபோயிற்று. பல மாதங்களின் பின்னர்ப் பெல்ஜியத்திலே நிலக்கரிக் குவியலொன்றின் அடியிற் கண்டெடுக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே புத்தகங்களையும் சான்றிதழ்களையும் பொட்டணமாகக் கட்டிக்கொண்டு மல்லாவியை விட்டு நடந்தோருக்கு, அத்தாள்கள் மீண்ட பேற்றின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மீண்ட தாள்களில் இருந்த விடை யாது? ஆறு மணிநேரத்தில் வளியமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்பது அவ்விடை. உலகில் எங்கும் அத்தகைய உயர்ச்சி நிகழ்வதில்லை. அன்று அமுக்கம் உண்மையில் ஏறக்குறைய மாறாதிருந்தது. கணிப்பு முற்றாய்த் தோற்றது.

பிறர் ஆயின் அவ்விடையை மறைத்திருப்பர். அல்லது எண்களைச் சற்றே திருத்தி உண்மையோடு ஒத்துவரச் செய்திருப்பர். றிச்சட்சன் 1922 ஆம் ஆண்டு வெளியிட்ட வானிலைக் கணிப்பு நூலிலே, தம் கணக்கின் ஒவ்வொரு படியையும், தோற்ற விடையையும், அத்தோல்விக்குத் தாம் ஊகித்த காரணத்தையும் விரிவாக அச்சிட்டார். தொடக்கத்திற் கொடுத்த காற்றின் அளவுகளிலே குறையிருக்கலாம் என்பது அவர் ஊகம். அந்நூலிலேயே ஒரு பெருங்கனவையும் வரைந்தார். உலகப்படம் வரைந்த வட்டமான பேரரங்கு. அதிலே 64,000 பேர் அமர்ந்து தத்தம் பகுதியின் காற்றைக் கணிக்கின்றனர். நடுவே நிற்கும் தலைவன், முந்துவோர்மீது செவ்வொளியும் பிந்துவோர்மீது நீலவொளியும் பாய்ச்சி அனைவரையும் ஒருசீராய் நடத்துகின்றான். இன்று பல்லாயிரம் செயலிகள் ஒருங்கே இயங்கும் பெருங்கணினியை நோக்குவோர், அக்கனவு உருப்பெற்றதை உணர்வர்.

போருக்குப்பின் வானிலைப் பணிக்கு மீண்டார். ஆனால் அத்திணைக்களம் 1920 இல் விமானப்படைக்குரிய அமைச்சின் கீழ் வந்தது. உடனே பதவியைத் துறந்து, இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆசிரிய கலாசாலையிலே பௌதிகவியலும் கணிதமும் கற்பிக்கலானார். உலகம் போற்றும் அறிஞர் ஒருவர் ஒன்பதாண்டுகள் ஆசிரிய மாணவர்க்குப் பாடஞ் சொன்னார் என்பது எம்போன்ற பயிற்றப்பட்ட ஆசிரியர்க்குப் பெருமை தருவது. 1926 இல் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. தம் மேற்காற்று ஆராய்ச்சி நச்சுவாயுப் போருக்குப் பயன்படும் என்று கண்டபோது, அத்துறையையே விட்டு, வெளியிடாதிருந்த ஆய்வுகளை அழித்தார் என்பர். 1929 இல் உளவியலிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஸ்கொத்லாந்தின் பெய்சிலித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதிபரானார். 1940 இல் அப்பதவியையும் விடுத்து, போர்கள் ஏன் மூளுகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய முனைந்தார். 1820 முதல் நிகழ்ந்த போர்களைத் தொகுத்தும் வகுத்தும் அவர் எழுதிய நூல்கள், அவர் மறைந்தபின் 1960 இலேயே முறையாக அச்சேறின.

1950 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்கணினி முதன்முதல் வானிலையைக் கணித்தது. ஒருநாள் வானிலையைக் கணிக்க அதற்கு ஏறக்குறைய ஒருநாளே சென்றது. அச்செய்தியை அறிந்து மகிழும் பேறு முதியவருக்கு வாய்த்தது. 1953 ஆம் ஆண்டு செப்தெம்பர் 30 ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கில்மன் என்னும் சிற்றூரிலே அமைதியாக உயிர் நீத்தார். பின்னாளில் அயர்லாந்து நாட்டு அறிஞர் பீற்றர் லிஞ்ச் அப்பழைய கணக்கை மீண்டும் செய்து, தொடக்க அளவுகளில் இருந்த ஒவ்வாமையை நீக்கியவிடத்து, 145 என்னும் மாற்றம் ஒன்றுக்குங் குறைவாய்ச் சுருங்குவதைக் காட்டினார். முறை பிழையன்று, கொடுத்த எண்களே பிழை. றிச்சட்சன் தம் தோல்வியை முழுமையாக அச்சிட்டிராவிடின், இதனை எவரும் அறிந்திருக்க முடியாது.

இனி, நிலைக்குத்துச் சுழலிக்கு வருவோம். அதனைக் கணினியில் ஆராய்வோர் சுழலியைச் சூழ்ந்த வெளியை இலட்சக்கணக்கான சிறு கலங்களாகப் பிரிப்பர். அலகின் மேற்பரப்பை ஒட்டிய கலங்கள் மிக மெல்லியனவாக இருத்தல் வேண்டும். சுழலியைத் தன்னுட்கொண்ட வட்டப்பகுதி அலகுகளோடு சுழலும்; புறப்பகுதி நிலைத்து நிற்கும். சுழலி ஒரு பாகையளவு, அல்லது அதனினுங் குறைவாகத் திரும்புந்தோறும், ஒவ்வொரு கலத்திலும் அமுக்கமும் வேகமும் புதிதாகக் கணிக்கப்படும். பல சுற்றுக்கள் சென்று, முறுக்கம் சுற்றுக்குச் சுற்று ஒத்துவந்த பின்னரே விடையை எடுப்பர். றிச்சட்சன் சதுப்பு நிலத்துக்கும் அணைக்கும் வானுக்கும் செய்த அதே வேலைதான் இது. சிறுவர்க்குப் பதிலாகக் கணினி செய்கிறது. ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைத்தலால், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியற் பீடத்துக்குச் செல்லும் நம் மாணவரும் இதனைச் செய்தல் கூடும்.

கலங்களின் பருமனால் விடையில் வழு உண்டாகும். அதனை அளக்கும் வழியையும் றிச்சட்சனே தந்தார். அதனை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். விட்டம் 1 ஆகவுள்ள வட்டத்தினுள்ளே ஒழுங்கான அறுகோணி வரைந்தால் அதன் சுற்றளவு 3. பன்னிரு பக்கமுடைய உருவாயின் 3.1058. பக்கங்களை இரட்டிக்க வழு ஏறக்குறைய நாலிலொன்றாகக் குறையும். ஆகவே இரு விடைகளின் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைப் பின்னைய விடையோடு கூட்டின் 3.1411 வரும். உண்மையான சுற்றளவோ 3.1416. 96 பக்கமுடைய உருவை வருந்தி வரைந்தாலும் 3.1410 தான் கிட்டும். இவ்வாறே சுழலியையும் பருங்கலம், இடைக்கலம், நுண்கலம் என மும்முறை கணித்து, விடை எங்கே செல்கின்றது என்று நோக்கி, எஞ்சிய வழுவின் அளவையும் கூறுதல் இன்று ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் ஒழுக்கம். இம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

மாணவ மணிகாள், கணினித் திரையிலே காற்றுச் செந்நிறமாகவும் நீலநிறமாகவும் சுழித்தோடும் படம் கண்ணைக் கவரும். பிழையான எண்ணைக் கொடுத்தாலும் அதே அழகோடு தோன்றும். வீசுங் காற்றிலிருந்து சுழலியொன்று பெறத்தக்க ஆற்றலுக்கு நூற்றுக்கு 59.3 பங்கே மேலெல்லை எனப் பெற்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். திறந்த வெளியிற் சுழலும் சுழலிக்குக் கணினி 70 பங்கு என்று விடை தருமாயின், வியந்து கைகொட்டாது பிழை எங்கே என்று தேடுபவனே றிச்சட்சனின் மாணவன். தேடிக் கண்ட பிழையையும் விடையோடு சேர்த்து எழுதுபவன் அவரினும் குறைந்தவனல்லன்.

எண்ணில் நேர்மை, வாழ்வில் அறம் என்னும் இரண்டையும் அப்பெரியார் வேறாகக் கருதவில்லை. பொய்யான விடையை மறைக்க மறுத்த மனச்சான்றே, கற்ற கல்வியைக் கொலைத்தொழிலுக்குக் கொடுக்கவும் மறுத்தது. போரின் வடுக்கள் ஆறாத நம் மண்ணிலிருந்து கணிதமும் பொறியியலும் கற்கப் புறப்படும் பிள்ளைகள், அவர் விட்டுச்சென்ற முறையோடு அவர் மனச்சான்றையும் ஏற்பாராயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.