மரியா எட்ஜ்வொர்த் அம்மையார்

மரியா எட்ஜ்வொர்த் அம்மையார் 1768ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். 1782 முதல் அயர்லாந்தில் தந்தையாரின் ஊரில் வாழ்ந்தார். தந்தையார்க்கு மக்கள் 22 பேர். இளையோர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு மரியாவைச் சார்ந்தது. அவர் கதைகளைக் கற்பலகையில் எழுதித் தம்பி தங்கையர்க்குப் படித்துக் காட்டுவார். அவர்கள் விரும்பியவற்றையே தாளில் பெயர்த்தெழுதுவார். இவ்வாறு உருவான ‘பெற்றோரின் துணைவன்’ என்னும் கதைநூல் 1796இல் வெளிவந்தது. ‘தொடக்கப் பாடங்கள்’ 1801இல் தொடர்ந்தது.

அக்காலச் சிறுவர் நூல்கள் பல அறத்தைக் கட்டளையாகவே கூறின. மரியாவோ, செயலின் விளைவே சிறந்த ஆசிரியன் எனக் கருதினார். அவர் கதையொன்றில் ரோசமண்ட் என்னும் சிறுமி, தாய் எண்ணிப்பார்க்கச் சொல்லியும், காலணியை விடுத்து மருந்துக்கடையில் ஒளிர்ந்த ஊதாநிறச் சாடியை வாங்குகிறாள். உள்ளிருந்த நீரைக் கொட்டியதும் நிறம் மறைந்து வெறுங்கண்ணாடியே எஞ்சுகிறது. தேய்ந்த காலணியோடு ஒரு திங்கள் துன்புற்றுத் தன் பிழையை உணர்கிறாள்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றது, கொடும்பஞ்சம் பரவியது. முதுமையிலும் அம்மையார் ஏழைகட்கு உணவு திரட்ட உழைத்தார். அதனை அறிந்து, கடல்கடந்த பாஸ்டன் நகரச் சிறுவர்கள் அவர் பெயருக்கு மாவும் அரிசியும் அனுப்பினர். 1849இல் அம்மையார் மறைந்தார். தாம் ஏட்டில் விதைத்த அறம் இளையோர் கையில் ஈகையாய் விளைந்ததைக் கண்டபின்னரே அவர் கண்மூடினார்.