மனங்களின் மருத்துவர் ஃபனோன்

ஃபிரான்ஸ் ஃபனோனை நம்மில் பலர் புரட்சி எழுத்தாளராகவே அறிந்திருப்போம். உளவியல் பயிலும் எனக்கு அவர் முதலில் ஒரு மனநல மருத்துவர்.

1925ஆம் ஆண்டு, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக் தீவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டுக் காயமுற்றார், பதக்கமும் பெற்றார். ஆனாலும் அவரைக் கறுப்பராக மட்டுமே பார்த்த கண்கள் மாறவில்லை. பின்னர் லியோன் நகரில் மருத்துவம் பயின்றார்.

1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவர் பிரிவில் ஐரோப்பியப் பெண்கள் 165 பேர், அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் 220 பேர். கூட்டம், திரைப்படம், கைவேலை, விழா என நோயாளிகளை மீண்டும் மனிதரோடு பழக வைக்கும் முறையை இரு பக்கமும் தொடங்கினார். பெண்கள் தேறத் தொடங்கினர். ஆண்களோ கூடை முடைய மறுத்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அல்ஜீரியரின் மூளை அமைப்பே தாழ்ந்தது என்று எழுதிவந்த அல்ஜியர்ஸ் மனநல அறிஞர்களுக்கு இதன் காரணம் எளிது. ஃபனோன் அந்த விடையை ஏற்கவில்லை. கிராமங்களுக்குச் சென்று அம்மக்களின் வாழ்க்கையை அறிந்துவந்தார். முடைவதும் நெய்வதும் அங்கே பெண்கள் வேலை. கூட்டமோ மொழிபெயர்ப்பாளர் வழியாக நடந்தது. (தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் நுழைந்த முதலாண்டில், விடை தெரிந்தும் கை தூக்காதிருந்த நம்மவர்களுக்கு இந்த மௌனம் நன்கு புரியும்.)

ஆகவே மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் ஊர்க் காப்பிக்கடை போன்ற ஒன்றை அமைத்தார். கதைசொல்லி வந்தார். பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. தோட்டம் போட மண்வெட்டி கொடுக்கப்பட்டது. மெல்ல மெல்ல அந்த ஆண்கள் பேசத் தொடங்கினர்.

1954 நவம்பர் 1ஆம் நாள் விடுதலைப் போர் வெடித்தது. சித்திரவதைக்கு ஆளானவர்களும் சித்திரவதை செய்த காவலர்களும் ஒரே மருத்துவரிடம் வந்தனர். ஒரு காவல் அதிகாரி வீட்டில் மனைவி மக்களையும் அடிக்கத் தொடங்கியிருந்தார். இக்குறிப்புகள் 1961இல் வெளிவந்த ஃபனோனின் கடைசி நூலில் உள்ளன. வன்முறை அடிமைப்பட்டவனை நிமிர வைக்கும் என்று அதே நூலில் அவர் வாதிடுகிறார். என்னால் உடன்பட முடியவில்லை. அவருடைய நோயாளிகளே அதற்கு எதிர்ச்சாட்சி.

மனிதரைச் சிதைக்கும் ஆட்சிக்கே அவர்களைக் குணப்படுத்தித் திருப்பி அனுப்புவதில் பொருளில்லை என்று 1956இல் பதவி விலகினார். மறு ஆண்டு நாடு கடத்தப்பட்டார். துனிஸ் நகரில், மாலையானதும் நோயாளிகள் வீடு திரும்பும் பகல்நேர மனநல மருத்துவமனை ஒன்றை நடத்தினார். எல்லையோர அகதிகளிடையே, பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தாக்கிய மனநோய்களையும் பதிவு செய்தார். பசியும் முகாமும் அப்படியே இருந்ததால் மருந்து அவர்களை முழுமையாகக் குணப்படுத்தவில்லை. மனவுறுதியைத் தனிமனிதக் குணமாக மட்டும் விளக்கும் பாடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்மார்களின் நினைவு வருகிறது.

1961 டிசம்பர் 6ஆம் நாள், 36ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் காலமானார். அவருடைய உடலைப் போராளிகள் துனிசிய எல்லையைக் கடந்து கொண்டுசென்று அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்தனர். ஏழு மாதம் கழித்து அந்நாடு விடுதலை பெற்றது. பிளிடா மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்.