கூடைப்பந்தாட்ட ஆசான் பொக் அலன்

விளையாட்டுக்களுட் பல, எக்காலத்தில் எவரால் தோற்றுவிக்கப்பட்டன என்று துணிந்து கூறவியலாத பழைமையுடையன. கூடைப்பந்தாட்டமோ அத்தகையதன்று. 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் மண்டபத்தினுள் அடைபட்டுக் கிடந்த மாணாக்கரின் பொருட்டுப் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் அறைவித்து இவ்வாட்டத்தை வகுத்தார். நம் பெண்பாடசாலைகளில் ஆடப்பெறும் வலைப்பந்தாட்டமும் இதன் கிளையேயாம். ஆட்டத்தைப் படைத்தவர் நெய்ஸ்மித். அதனைக் கற்பித்தற்குரிய கலையாக்கியவர் அவர் மாணாக்கராகிய பொறஸ்ற் அலன். ஆசிரியருக்கும் மாணாக்கருக்குமிடையே இவ்விடயத்திற் பெரியதொரு கருத்து வேற்றுமை இருந்தது.

அலன் 1885ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மிசூரி மாநிலத்திற் பிறந்தவர். இளமையில் பேஸ்போல் ஆட்டங்களுக்கு மத்தியஸ்தராக நின்றபோது, அவர் எழுப்பிய முழக்கம் மூடுபனியிற் கப்பல்களை எச்சரிக்க ஊதும் கொம்பினோசையை ஒத்திருந்ததாம். அதனாற் பொக் என்னும் பட்டப்பெயர் வாய்த்தது. பெற்றோர் இட்ட பெயரை உலகம் மறந்தேவிட்டது.

நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் சர்வகலாசாலைக்கு ஆசிரியராக வந்திருந்தார். அங்கே அவர் கீழ் அலன் ஆடினார். அந்நாளிலேயே அயலிலிருந்த பேக்கர் சர்வகலாசாலையார் தங்கள் குழுவைப் பயிற்றுமாறு அலனை அழைத்தனர். இதனைக் கேட்ட நெய்ஸ்மித்துக்கு நகைப்பே உண்டாயிற்று. இஃது ஆடி மகிழ்தற்குரியதேயன்றிப் பயிற்றுவித்தற்குரியதன்று என்பது அவர் கொள்கை. உடற்பயிற்சியும் நற்பண்பும் வாலிபர்க்கு வாய்க்கவேண்டுமென்பதற்காகவே அவர் ஆட்டத்தை வகுத்தார். வெற்றி தோல்வியை அவர் பெரிதாக எண்ணினாரல்லர். கன்சாஸில் அவர் காலத்துக் குழு 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. அச்சர்வகலாசாலைப் பயிற்றுநர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே என்பது ஒரு வேடிக்கை. படைத்தவர்க்கே அக்கதி!

அலன் ஆசிரியரை மதித்தார். ஆயினும் அவர் கூற்றை ஏற்றாரல்லர். பந்தை ஏற்கும் கை, திரும்பும் கால், எறியும் விரல் ஆகிய யாவும் அட்சரம் கற்பிப்பதுபோற் கற்பிக்கத்தக்கன என்பது அவர் துணிபு. 1907இல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னரே, கன்சாஸில் நெய்ஸ்மித்தின் இடத்துக்கே பயிற்றுநராக வந்தார். இரு பருவங்களின் பின் அதைவிட்டு நீங்கி, எலும்பு தசைகளைக் கையாற் சீர்செய்யும் ஒஸ்டியோபதி வைத்தியத்தைக் கற்றுத் தேறினார். அடிபட்ட ஆட்டக்காரரைத் தாமே குணப்படுத்திக் களத்திலிறக்கும் பயிற்றுநர் எத்தனை பேருளர்? சிலகாலம் மிசூரியிற் பணியாற்றி, 1919இல் கன்சாஸுக்கு மீண்டவர் 1956 வரை அங்கேயே நிலைத்தார். அங்கு அவர் குழுக்கள் பெற்ற வெற்றிகள் 590.

1927இல் ஆட்டவிதிகளை வகுப்போர், பந்தைத் தரையில் தட்டிச் செல்வதை ஒரேயொரு தட்டுக்குக் குறைக்க முற்பட்டனர். அலன் பயிற்றுநரையெல்லாம் ஒன்றுதிரட்டி எதிர்த்தார், முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டிலே பிறந்த அமெரிக்கப் பயிற்றுநர் சங்கத்துக்கு அவரே முதற்றலைவர். இன்று ஆட்டக்காரர் பந்தைத் தட்டி ஓடும் அழகைக் காண்போர் இதனை எண்ணுதல் தகும். ஒலிம்பிக் விழாவிற் கூடைப்பந்தாட்டம் சேர்க்கப்படுவதற்கும் அவர் ஓயாது வாதாடினார். 1936இல் பெர்லினில் அது நிறைவேறியபோது, முதிய நெய்ஸ்மித் அங்கு சென்று காணும்பொருட்டுப் பொருள் திரட்டியோருள் முன்னின்றவரும் அவரே. தம் கொள்கையை மறுத்த மாணாக்கராலேயே தம் படைப்பு உலகவிழாவேறியதை ஆசிரியர் கண்ணாரக் கண்டார்.

அலனின் புகழோடு குறையையும் கூறுதல் நேர்மை. 1930களில் ஜோன் மக்லெண்டன் என்னும் கறுப்பின மாணாக்கர் அச்சர்வகலாசாலையிற் பயின்றார். நிறம் காரணமாகக் குழுவில் இடம்பெற்றிலர். அவரை அணைத்துக் கற்பித்தவர் நெய்ஸ்மித். பின்னாளில் மக்லெண்டன் தாமே பெரும் பயிற்றுநரானார். அலனின் குழுவிற் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடியது 1950களின் தொடக்கத்திலேதான்.

1952இல் அவர் குழு சென்ற் ஜோன்ஸ் சர்வகலாசாலையை 80-63 எனவென்று தேசிய வெற்றி பெற்றது. அதில் 33 புள்ளிகள் கிளைட் லவ்லெற் என்பவருடையன. அவ்வாண்டே ஹெல்சிங்கியிற் பொற்பதக்கம் வென்ற அமெரிக்க ஒலிம்பிக் குழுவில் எழுவர் அலனின் மாணாக்கர். அலனும் உதவிப் பயிற்றுநராயிருந்தார். ஆயினும் அவர் பெருமைக்கு யான் காட்டும் சான்று வேறு. அவர் கீழ்ப் பெரும்பாலும் வாங்கிலமர்ந்து ஆட்டத்தைப் பார்த்திருந்த இருவர், அடொல்ப் றப், டீன் ஸ்மித் என்போர். கென்ரக்கியில் 876 வெற்றிகளை ஈட்டியவர் றப். வட கறொலைனாவில் 879 வெற்றிகளை ஈட்டியவர் ஸ்மித். ஆடியோரைவிட அமர்ந்திருந்தோர் மிகுதியாகக் கற்றனர் போலும்!

1955 பங்குனி முதலாந் திகதி, ஏறக்குறைய 17,000 பேர் இருக்கத்தக்க புதிய ஆட்டமண்டபம் அலனின் பெயரால் லோறன்ஸ் நகரிற் திறக்கப்பட்டது. அவ்வாண்டே, ஏழடி உயர்ந்த வில்ற் சேம்பர்லேன் என்னும் கறுப்பின இளைஞரை அவர் பெருமுயற்சியுடன் கன்சாஸுக்கு வருவித்தார். முதலாண்டு மாணாக்கர் பிரதான குழுவில் ஆடலாகாதென்பது அக்கால விதி. ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். எழுபது வயதெய்தியோர் இளைப்பாறவேண்டுமென்பதோ மற்றொரு விதி. விலக்களிக்குமாறு ஆதரவாளர் வேண்டியும் பயனில்லை. 1956இல் அலன் விலகினார். அவ்வாண்டு மார்கழியிற் சேம்பர்லேன் தம் முதலாட்டத்தில் 52 புள்ளிகள் குவித்தபோது, பயிற்றுநராசனத்திலிருந்தவர் அலனிடம் ஆடிப்பயின்ற டிக் ஹாப். ஆண்டுகளை எண்ணும் சட்டம் ஆற்றலை எண்ணுவதில்லை. இளைப்பாறும் வயதை அணுகும் ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1959இல் ஸ்பிறிங்பீல்டின் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபம் முதன்முறை தெரிந்தெடுத்தோருள், ஆசிரியர் மாணாக்கர் இருவர் பெயரும் இருந்தன. ஓய்வின் பின் அலன் வைத்தியத் தொழிலை மேற்கொண்டார். 1968இல் பயிற்றுநர் அனைவரினும் மிகுந்த வெற்றி பெற்றவரென்னும் அவரது சாதனையை றப் கடந்தார். அதனைக் காணவும் அலன் வாழ்ந்திருந்தார். 1974 புரட்டாதி 16ஆந் திகதி, தமது 88ஆம் வயதில், லோறன்ஸ் நகரிலே காலமானார்.