சிறுநீரக மாற்றுக்குப் பிறகு எம்.ஜி.ஆர் வாழ்ந்த 3 ஆண்டுகள்... அந்த உடல் எதையெல்லாம் தாங்கியது?

எம்.ஜி.ஆர் என்றதும் நினைவுக்கு வருவது கத்திச் சண்டையும் கட்டுமஸ்தான உடம்பும்தான். ஆனா, அவருடைய கடைசி 3 ஆண்டுகள் அந்தப் பிம்பத்துக்கு நேர் எதிரானவை. இன்னொருவர் கொடுத்த சிறுநீரகத்தோடு, தளர்ந்துபோன உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தையே நடத்திய காலம் அது.

அடிபட்டு எழுந்த உடம்பு

1917-ல் இலங்கையின் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, வறுமை காரணமாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் ‘சதி லீலாவதி’ மூலம் சினிமாவுக்கு வந்தார். உடற்பயிற்சியை விடாமல் செய்தவர். 1959-ல் சீர்காழியில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது கால் முறிந்தது. 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார். ஆனா குரல் பழையபடி திரும்பவே இல்லை. ரெண்டு முறையும் மறுபடி நடிக்க வந்துவிட்டார்.

1984 அக்டோபர்: என்ன ஆச்சு?

முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர், அக்டோபர் 5-ம் தேதி சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்தன. சிகிச்சையில் இருக்கும்போதே பக்கவாதமும் தாக்கி, பேச்சையும் உடல் இயக்கத்தையும் பாதித்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் வேறு. வயசு 67.

நவம்பர் தொடக்கத்தில், மருத்துவ வசதிகள் பொருத்தப்பட்ட விமானத்தில் அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டார். நியூயார்க் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில், சிறுநீரக நிபுணர் எலி ஃப்ரீட்மன் குழு சிகிச்சை அளித்தது. டிசம்பரில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி.

இதே நேரத்தில் இங்கே தேர்தல்! அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அதிமுக 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பியவர், 10-ம் தேதி மூன்றாவது முறையாக முதல்வரானார்.

சிறுநீரகம் வேலை செஞ்சா போதாதா?

போதாது. புதிய சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும். ஆனா நோய் தின்றுவிட்ட தசையையும் தெம்பையும் அதனால் உடனே திருப்பித் தர முடியாது. உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். இதனால் தொற்று எளிதாக வரும். ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட காலம் எடுத்தால் தசையும் எலும்பும் பலவீனமாகும், சர்க்கரையும் ஏறும்.

இப்படித் தளர்ந்த நிலையை மருத்துவர்கள் இப்போது ‘ஃப்ரெய்ல்டி’ என்கிறார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, சீக்கிரம் களைப்பது, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது என 5 அடையாளங்கள். இதில் மூன்று இருந்தாலே ஃப்ரெய்ல்டிதான். இந்த அளவுகோல் வந்தது 2001-ல், அதாவது எம்.ஜி.ஆர் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு. அதனால் அவரை யாரும் இப்படி அளந்து பார்த்திருக்க முடியாது.

அறுவை சிகிச்சையின்போது ஃப்ரெய்ல்டி இருந்தவர்களுக்குப் பிறகு இறப்பு அபாயம் அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் மாதத்தில் தளர்ச்சி இன்னும் கூடும். மூன்று மாதத்துக்குள் பலருக்கும் குறையத் தொடங்கும்.

கடைசி மூன்று ஆண்டுகள்

எம்.ஜி.ஆருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. மேடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சிகிச்சைக்காக மறுபடியும் அமெரிக்கா போய்வந்தார். ஆனாலும் அதிகாரத்தை விடவில்லை. 1986-ல் சட்ட மேலவை கலைக்கப்பட்டது அவருடைய ஆட்சியில்தான். 1987 ஆகஸ்டில், இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி மெரினாவில் நடந்த கூட்டத்தில் பிரதமர் ராஜீவ் காந்தியோடு மேடையேறினார்.

இறப்பதற்குச் சில நாள் முன்புகூட, கத்திப்பாராவில் நேரு சிலை திறப்பு விழாவில் கலந்துகொண்டார். டிசம்பர் 24 அதிகாலை ராமாபுரம் தோட்டத்தில் உயிர் பிரிந்தது. வயது 70. காரணம் மாரடைப்பு. சிறுநீரக நோயாளிகளுக்கு இதயம்தான் பெரிய ஆபத்து. மாற்று சிகிச்சைக்குப் பிறகும் அந்த ஆபத்து முழுசாக நீங்குவதில்லை.

இன்று என்ன மாறியிருக்கிறது?

மருந்துகள் மேம்பட்டுள்ளன. அதோடு, நடை வேகம், கைப்பிடி வலு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் பல மையங்களில் அறுவை சிகிச்சைக்கு முன்பே சோதிக்கிறார்கள். தளர்ச்சி இருந்தால் மாற்று சிகிச்சையே கூடாது என்று அர்த்தமில்லை. டயாலிசிஸிலேயே தொடர்வதைவிட, தளர்ந்தவர்களிலும் பலருக்கு அது நல்ல வாய்ப்புதான். வீட்டில் யாராவது உறுப்புக்காகக் காத்திருந்தால், அந்தக் காலத்தை வீணாக்காதீங்க. டாக்டரிடம் கேட்டு நடைப்பயிற்சி, லேசான உடற்பயிற்சி, சரியான உணவு ஆகியவற்றை இப்போதே தொடங்கலாம்.