தங்க இடம் தேடித் தந்த தாமஸ் குக்

1866-ம் ஆண்டு. ஈஸ்டர் பண்டிகை வாரம். ரோம் நகரத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

இங்கிலாந்தில் இருந்து ஐம்பது பேர் கொண்ட ஒரு கோஷ்டி அந்த நகரத்தைப் பார்க்கப் புறப்பட்டு வந்தது. அவர்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்வதாக ஒருவர் வாக்குக் கொடுத்து அழைத்து வந்திருந்தார். ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் எந்த ஓட்டலிலும் அவர்களுக்கு இடம் இல்லை.

அவர் நினைத்திருந்தால் கையை விரித்து இருக்கலாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன், உங்கள் பாடு என்று சொல்லி இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. டோர்லோனியா என்ற இளவரசரின் மாளிகையைப் பத்து நாட்களுக்கு வாடகைக்குப் பிடித்தார். வாடகை 500 பவுண்டு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குப் பத்து பவுண்டு. அதற்கு மூன்று ஆண்டு முன்பு சுவிட்சர்லாந்தை மூன்று வாரம் சுற்றிப் பார்த்து வர ஒரு ஆளுக்கு ஆன மொத்தச் செலவே சுமார் 20 பவுண்டுதான்.

இப்படி அரண்மனையை வாடகைக்கு எடுத்தவர், சின்ன வயதில் நாள் ஒன்றுக்கு ஒரு பென்னி கூலிக்கு வேலை பார்த்தவர். அவர் பெயர் தாமஸ் குக்.

தோட்டக்காரப் பையன்

தாமஸ் குக் 1808-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் மெல்போர்ன். ஆஸ்திரேலியாவில் உள்ள பெரிய பட்டணம் அல்ல. இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் இருக்கும் ஒரு சிற்றூர்.

குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தோட்ட வேலைக்குப் போனான் சிறுவன் தாமஸ். பதினான்கு வயதில் மாமாவிடம் தச்சு வேலை பழகினான்.

வாலிபனானதும் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் மதப் பிரசாரம் செய்தார். 1829-ம் ஆண்டு ஒரே வருடத்தில் அவர் கால்நடையாக நடந்த தூரம் 2 ஆயிரம் மைலுக்கு மேல்! வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது என்ற கவலை எப்படிப்பட்டது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

1833-ம் ஆண்டு மேரியன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். மறு ஆண்டு மகன் பிறந்தான். ஜான் மேசன் குக் என்று பெயர் வைத்தார்கள். இந்த மகனைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஒரு ஷில்லிங் பயணம்

தாமஸ் குக் குடியை அடியோடு வெறுத்தவர். 1841-ம் ஆண்டு ஜூன் மாதம் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டர் நகருக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ரெயில் புதிதாக வந்திருந்த காலம் அது. மதுவிலக்குக்காரர்களை எல்லாம் ஒரே ரெயிலில் ஏற்றி, மலிவான கட்டணத்தில் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் என்ன?

ரெயில்வே கம்பெனியிடம் பேசினார். ஜூலை 5-ந் தேதி லெஸ்டரில் இருந்து லப்பரோவுக்குத் தனி ரெயில் புறப்பட்டது. பத்துப் பன்னிரண்டு மைல் தூரம். சுமார் 500 பேர் ஏறினார்கள். போகவும் வரவும் ஆளுக்கு ஒரு ஷில்லிங்.

அது ஒரு பகல் பயணம். காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டார்கள். தங்கும் பிரச்சினை இல்லை. இரவு தங்கும் பயணம் தொடங்கியதும்தான் தலைவலியும் தொடங்கியது.

1845-ம் ஆண்டு லிவர்பூலுக்குப் பெரிய பயணம் ஒன்று ஏற்பாடு செய்தார். ஆட்களை அழைத்துப் போவதற்கு முன்பு, தான் மட்டும் தனியாக ஒருமுறை போய் வந்தார். ஓட்டல்களையும் சாப்பாட்டு விடுதிகளையும் நேரில் பார்த்தார். பிறகு பயணிகளுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். அவரே அச்சுத் தொழில் நடத்தியவர் என்பதால் அது சுலபமாக இருந்தது.

மறு ஆண்டு 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்றபோது சரியாக மாட்டிக்கொண்டார். கப்பலில் எல்லாருக்கும் படுக்கை இல்லை. பலர் மேல் தட்டில் மழையில் நனைந்தபடியே இரவைக் கழித்தார்கள். பயணிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டு வாங்கியது வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இடம் உண்டு என்று பிறர் சொல்லுவதை அப்படியே நம்பக்கூடாது என்று அவர் கற்றுக்கொண்ட இடம் அந்தக் கப்பல்.

எங்கே தங்குவது?

1851-ம் ஆண்டு லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஹைடு பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி இருந்தார்கள். அதைப் பார்க்க சுமார் ஒன்றரை லட்சம் பேரை தாமஸ் குக் அழைத்து வந்தார். பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். வாரம் வாரம் சீட்டுக் கட்டுவது போலக் காசு சேர்த்து வந்தவர்கள். லண்டனை முன்பின் பார்த்து அறியாதவர்கள்.

இவர்களுக்குப் பெரிய ஓட்டல் கட்டுபடி ஆகாது. ஊருக்கு வெளியே தங்கினால் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மிச்சமாகும் காசை வண்டிச் சத்தம் தின்றுவிடும். பாதிப் பொழுதும் வழியிலேயே போய்விடும். ஐம்பது பேர் சேர்ந்து போகும்போது ஒருவர் வழி தவறினால் ஐம்பது பேரும் காத்திருக்க வேண்டும். இது இன்றைக்கும் மாறவில்லை. கோஷ்டியாகப் போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

தாமஸ் குக் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1853-ம் ஆண்டு லெஸ்டர் நகரத்தில் ஒரு ஓட்டல் கட்டினார். மது கிடையாது. அதை நிர்வாகம் செய்தவர் மனைவி மேரியன். அந்தக் காலத்தில் பல விடுதிகளில் குடிக்கூடமும் சேர்ந்தே இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களும், தனியாகப் போகும் பெண்களும் அங்கே கால் வைக்கவே கூசுவார்கள். குக்கின் ஓட்டலில் அந்தப் பயம் இல்லை. பிற்காலத்தில் அவருடைய கோஷ்டிகளில் துணை இல்லாத பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள் என்றால், இதுவும் ஒரு காரணம்.

1860-களில் லண்டனிலும் ஒரு விடுதி திறந்தார். எங்கே தெரியுமா? கிரேட் ரஸ்ஸல் வீதியில், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே! வாசலை விட்டு இறங்கினால் பார்க்க வேண்டிய இடம் கண் முன்னால்.

மெழுகுவர்த்திக்குத் தனிக் காசு

1855-ம் ஆண்டு பாரீஸ் நகரிலும் பொருட்காட்சி நடந்தது. முதல் தடவையாகக் கடல் தாண்டி ஆட்களை அழைத்துப் போனார் குக். ஆங்கிலக் கால்வாயில் கப்பல் விட்ட கம்பெனிகள் அவருக்குச் சலுகை தர மறுத்தன. ஆகவே ஹார்விச் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஆன்ட்வெர்ப், பிரசல்ஸ், கொலோன் என்று சுற்றிக்கொண்டு பாரீஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் அவருக்கு நஷ்டம்.

1863-ம் ஆண்டு சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். அந்தக் கோஷ்டியில் ஜெமிமா மாரல் என்ற இளம் பெண்ணும் இருந்தார். அவர் தினமும் நடந்ததை எல்லாம் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பு எங்கோ மறைந்து கிடந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் குண்டு விழுந்த இடிபாடுகளுக்குள் கிடைத்தது. அதனால்தான் அந்தப் பயணம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்து வெளிநாட்டு ஓட்டல்களில் ஒரு வழக்கம் இருந்தது. அறைக்கு ஒரு கட்டணம். இரவில் ஏற்றும் மெழுகுவர்த்திக்குத் தனிக் கட்டணம். வேலைக்காரர்களுக்கு வேறு கட்டணம். புறப்படும் நேரத்தில் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். மொழியும் தெரியாது, அந்த ஊர்க் காசும் புரியாது. ஆளாளுக்கு ஒரு பில். ஒருவர் பில் சண்டையில் நின்றால் எல்லாருக்கும் ரெயில் தவறிவிடும்.

இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தார் குக். ரோம் நகரில் 500 பவுண்டு கொடுத்துப் பட்ட பாடும் மனதில் இருந்தது. 1867-ம் ஆண்டு பாரீஸில் மறுபடி பொருட்காட்சி வந்தபோது முன்ஜாக்கிரதையாக இருந்தார். பொருட்காட்சித் திடலுக்கு ஆற்றின் அக்கரையில் பாசி என்ற வட்டாரத்தில் தாமே இடம் பிடித்து, தம் ஆட்களைத் தங்க வைத்தார்.

மறு ஆண்டு, அதாவது 1868-ம் ஆண்டு, ஓட்டல் கூப்பன் பிறந்தது.

கூப்பன் என்ன செய்தது?

விஷயம் மிகச் சாதாரணமானது. பயணி லண்டனிலேயே, தன் சொந்த நாட்டுக் காசில், குக்கிடம் பணம் கட்டி விடுவார். நாள் ஒன்றுக்கு எட்டு ஷில்லிங். அதற்குப் பதிலாகச் சீட்டுகள் கிடைக்கும். காலை உணவுக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று. விளக்கும் வேலைக்காரர் கூலியும் படுக்கைச் சீட்டிலேயே அடக்கம். மெழுகுவர்த்திச் சண்டை ஒழிந்தது!

குக்கின் பட்டியலில் உள்ள எந்த ஓட்டலிலும் அந்தச் சீட்டைக் கொடுக்கலாம். ஓட்டல்காரர் அவற்றைச் சேர்த்து குக்குக்கு அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்வார். பயன்படுத்தாத சீட்டு இருந்தால், சிறிது கழித்துக்கொண்டு பயணிக்குப் பணம் திரும்பி வரும்.

ஓட்டல்காரர் ஏன் சம்மதித்தார்? காலியாகக் கிடக்கும் அறை காலணா கூட சம்பாதிக்காது. ஒருவர் வருடா வருடம் ஐம்பது பேர், நூறு பேர் என்று கொண்டுவந்து நிரப்பும்போது விலையைக் குறைத்தாலும் லாபம்தான். அதோடு, குக்கின் பட்டியலில் இருந்து பெயர் நீங்கிவிட்டால் அடுத்த கோஷ்டி பக்கத்து ஓட்டலுக்குப் போய்விடுமே! அந்தப் பயத்தில் படுக்கை விரிப்பும் வெளுப்பாக இருந்தது.

இதை எல்லாரும் பாராட்டவில்லை. அதுவரை வெளிநாடு சுற்றியவர்கள் பணக்காரர்கள். கடைக்காரனும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதே ஓட்டலில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர், இத்தாலியில் இங்கிலாந்தின் துணைத் தூதராக இருந்தவர், 1865-ம் ஆண்டு பத்திரிகையில் தாக்கி எழுதினார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் குக் இப்படிக் கோஷ்டி கோஷ்டியாக இத்தாலிக்குக் கடத்துகிறார் என்று கதை கட்டினார். குக்குக்கு ஆத்திரம் பொங்கியது. வெளிநாட்டு மந்திரிக்கே புகார் எழுதினார். ஒரு துண்டுப் புத்தகமும் போட்டார். ஊர் பார்க்கும் ஆசை பணக்காரருக்கு மட்டும் சொந்தமா என்பதுதான் அவருடைய கேள்வி. நாவலாசிரியரிடம் அதற்குச் சரியான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஓட்டல் இல்லாத இடங்களுக்கு ஓட்டலையே கொண்டு போனார் குக்! 1869-ம் ஆண்டு பாலஸ்தீனத்துக்குப் போனபோது கூடாரம், கட்டில், சமையல்காரர் எல்லாம் மிருகங்கள் மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெருசலேம் நகர மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

1872-ம் ஆண்டு செப்டம்பரில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 63. அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை வழியாக இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தா, காசி, ஆக்ரா எல்லாம் பார்த்துவிட்டு பம்பாயில் கப்பல் ஏறினார். மொத்தம் 222 நாட்கள்.

தந்தையும் மகனும்

வெளியே வெற்றி. வீட்டில் புகைச்சல்.

மகன் ஜான் மேசன் தொழிலில் கெட்டிக்காரர். அப்பா தொழிலையும் தர்மத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார் என்பது மகனின் குறை. தொட்டதற்கெல்லாம் கணக்குப் பார்க்கிறானே என்பது அப்பாவின் மனத்தாங்கல். ரோம் மாளிகைக் கதையைப் படித்தவர்களுக்கு இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரியும். 1870-களின் இறுதியில் சண்டை முற்றியது. தாம் உண்டாக்கிய கம்பெனியை விட்டு தாமஸ் குக் ஒதுங்கினார்.

1880-ம் ஆண்டு ஒரே மகள் ஆனி குளிக்கும் அறையில் இறந்து கிடந்தாள். வெந்நீர் போடும் புதுமாதிரி கியாஸ் அடுப்பில் இருந்து வந்த விஷப்புகை அவள் உயிரைக் குடித்துவிட்டது. நான்கு ஆண்டு கழித்து மேரியன் கண்ணை மூடினார். பிறகு தாமஸ் குக்கின் கண் பார்வையும் போயிற்று. உலகம் எல்லாம் ஊர் காட்டியவர், இருட்டில் உட்கார்ந்தார்.

1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி லெஸ்டரில் அவர் காலமானார். வயது 83.

அவருடைய பெயர் தாங்கிய அந்தக் கம்பெனி 2019-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி திவாலாகி மூடப்பட்டது. வெளிநாடு போயிருந்த இங்கிலாந்துக்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசாங்கம் விமானம் வைத்து அழைத்து வர வேண்டியதாயிற்று. கம்பெனி கவிழப்போகிறது என்ற செய்தி பரவியதுமே, துனிசியா நாட்டில் ஒரு ஓட்டல், தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு, விருந்தாளிகளை வெளியே விடாமல் வாசலைப் பூட்டியது. முன்பணம் கட்டி வந்தவர்கள் உள்ளே, பணம் வராத ஓட்டல்காரர் வெளியே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஆரம்பித்த கூப்பன் கணக்கு அங்கே அறுந்தது.

கம்பெனி போனாலும் வேறொன்று மிஞ்சி இருக்கிறது. கண் தெரியாத கடைசிக் காலத்தில் தாமஸ் குக், தாம் பிறந்த மெல்போர்ன் ஊரில் தம் சபையைச் சேர்ந்த ஏழைகள் குடியிருப்பதற்காக 14 சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தார். துணி வெளுக்க ஒரு இடம், ரொட்டி சுட ஒரு இடம், பிரார்த்தனைக்கு ஒரு கூடம் எல்லாம் சேர்த்துக் கட்டினார். அந்த வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.